பெருமாளின் முன் ஒரு கிண்ணம் கஞ்சி

எங்கள் இல்லத்தில் பெருமாளுக்கு அமுது செய்விக்காத எதுவும் இலையில் விழுவதில்லை. மணமாகி வந்த நாள்முதல் என் மனைவி காத்துவரும் நியமம் இது. சென்ற ஆண்டு அவளுடைய இரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்திருப்பதைக் கண்ட மருத்துவர், காலையில் இட்லியையும் பொங்கலையும் குறைத்து ஓட்ஸ் கஞ்சி அருந்துமாறு கூறினார். அன்றே தர்மசங்கடம் பிறந்தது.

"சீமைத் தானியத்தைப் பெருமாளுக்கு எப்படிக் காட்டுவது?" என்றாள். காட்டாததை உண்ணவும் அவள் மனம் ஒப்பவில்லை. இரண்டு வாய் அருந்திவிட்டுக் கிண்ணத்தை நகர்த்திவிடுவாள்.

அவளைக் குறைகூற இயலவில்லை. மரபு வழுவாத மடைப்பள்ளிகளில் இன்றும் காரத்துக்கு மிளகுதான், மிளகாய்க்கு இடமில்லை. சிராத்தச் சமையலிலும் உருளைக்கிழங்கும் தக்காளியும் சேர்வதில்லை. ஓட்ஸோ குளிர்நாட்டுப் பயிர். ஸ்காட்லாந்து மக்களின் பழைய உணவு.

இன்னோர் உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அக்கஞ்சியைச் செய்தவன் நான். அது பசைபோல் இருந்தது. கொதிநீரில் உடனடி ஓட்ஸைக் கொட்டி இரண்டே நிமிடத்தில் இறக்கிவிடுவேன். கடமை முடிந்தது என்ற எண்ணம்!

பிறகு பொறுமையாகக் கற்றேன். உடனடி ஓட்ஸ் மிக மெல்லியது. விரைவில் செரித்துச் சர்க்கரையையும் விரைவில் ஏற்றும். அவல்போல் தடித்த ஓட்ஸே நன்று. கொழுப்பைக் குறைக்க உதவுவது அதிலுள்ள பீட்டா குளூக்கான் என்னும் கரையும் நார்ப்பொருள். கஞ்சிக்குக் கொழகொழப்பைத் தருவதும் அதுவே.

ஒருவருக்கு அரைக் கிண்ணம் ஓட்ஸ், அதாவது சுமார் 40 கிராம் போதும். வெறும் வாணலியில் மணம் வரும்வரை இளஞ்சூட்டில் வறுத்து, இரண்டு கிண்ணம் தண்ணீர் விட்டு, சிறுதீயில் பத்து நிமிடம் கிளறியபடியே வேகவிட வேண்டும். இறக்கும்போது சற்று நீர்க்கவே இருக்கட்டும்; ஆற ஆற இறுகும். கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் கடைந்த மோர், உப்பு, பொடித்த மிளகு சீரகம், துருவிய இஞ்சி, கறிவேப்பிலை சேர்க்கலாம். சூட்டோடு மோர் விட்டால் திரிந்துவிடும்.

ஓட்ஸும் தானியமே. ஏகாதசியன்று தானியம் விலக்கும் அன்பர்கள் இதையும் விலக்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரை உட்கொள்வோர் உபவாசத்துக்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

ஒருநாள் நான் கிளறிக்கொண்டிருக்கையில், படித்தறிந்த செய்தி ஒன்றை அவளிடம் கூறினேன். ஸ்காட்லாந்தில் இக்கஞ்சியை ஸ்பர்ட்டில் என்னும் மரக்கழியால், வலக்கையால், வலமாகவே கிளற வேண்டும் என்பது பழைய மரபு. இடமாகச் சுற்றினால் தீமை வரும் என்பது அவர்கள் நம்பிக்கை.

"அவர்களும் பிரதட்சிணமாகத்தானா?" என்று வியந்தாள். வேறொன்றும் கூறவில்லை.

மறுநாள் காலை, வழக்கமான அன்னத்தின் அருகில் ஓட்ஸ் கஞ்சிக் கிண்ணமும் பெருமாளின் முன் இருந்தது. மேலே ஒரு துளசி தளம். நான் வியப்புடன் நோக்கினேன்.

"கோயிலின் விதி கோயிலுக்கு. அதை மாற்ற நாம் யார்? இது வீடு. நாம் உண்பதைத்தானே அவருக்குக் காட்ட முடியும்? பத்து நிமிடம் நின்று கிளறினீர்களே, அதை அவர் ஒதுக்கவா போகிறார்?" என்றாள்.

மரபைக் காப்பதும் உடலைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அன்று உணர்ந்தேன். முதுமையில் நியமம் தளரலாகாது. ஆனால் நியமத்தின் பெயரால் பட்டினி கிடப்பதும் இறைவன் தந்த உடலுக்குச் செய்யும் அபசாரமே.

அன்று அவள் கிண்ணத்தில் கஞ்சி மீதமில்லை.