மரங்களுக்கும் ஒரு பேரேடு வேண்டும்

"பி.காம் படிக்கிறவனுக்கு மரத்தைப் பற்றி என்னடா பேச்சு?" என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இது பாதி தாவரவியல், மீதி கணக்குப்பதிவியல்.

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே கேரள எல்லையைத் தாண்டினால் பாலக்காடு மாவட்டத்து முதலமடை. 'மாங்கோ சிட்டி' என்றே பெயர் வாங்கிய ஊர். அந்த ஊர் மாங்காய்க்கு நல்ல விலை கிடைப்பது ருசியால் மட்டும் அல்ல, தேதியாலும்தான். வடக்கே மாமரம் பூக்கத் தொடங்கும் ஜனவரி, பிப்ரவரியிலேயே இங்கே காய் சந்தைக்கு வந்துவிடும். போட்டியில்லாத அந்தச் சில வாரங்களில்தான் லாபம். பூப்பது ஒரு மாதம் தள்ளிப்போனால், அதே அளவு காய்த்தாலும் விலை இருக்காது. சமீப ஆண்டுகளில் பூ தாமதமாகிறது, பூச்சியும் தாக்குகிறது என்று அங்குள்ள விவசாயிகள் புலம்புகிறார்கள்.

மாமரம் பூக்க வறண்ட நாட்களும் குளிர்ந்த இரவுகளும் வேண்டும். மழை நீண்டு, மார்கழிக் குளிரும் குறைந்தால், மொட்டு வர வேண்டிய கிளை நுனியில் தளிர் வந்துவிடும். கொன்றை நேர் எதிர். அது கோடையில் பூப்பது. வெயில் முந்தினால் அதுவும் முந்தும். ஏப்ரல் நடுவில் வரும் விஷுவுக்கு முன்பே பூத்து உதிர்ந்துவிடுகிறது என்று கேரளத்தில் பேச்சு. ஆக, வெப்பம் கூடினால் எல்லா மரமும் ஒரே பக்கம் நகராது. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். பூவை நம்பி வாழும் தேனீ யாரிடம் போய் விசாரிக்கும்?

"காலம் தப்பிப் பூப்பது புதுசா என்ன?" என்று கேட்பீர்கள். புதுசு இல்லைதான். குறுந்தொகை 66ஆம் பாடலிலேயே, பருவமல்லாத மழையைக் கார்காலம் என்று நம்பிப் பூத்துவிட்ட கொன்றையை அறிவில்லாத மரம் என்கிறாள் தோழி. ஒரு வருடப் பூவை வைத்துப் பருவநிலை மாறிவிட்டது என்பது, ஒரு காலாண்டு லாபத்தைப் பார்த்துப் பங்கு வாங்குவது மாதிரி. பல வருடக் கணக்கு வேண்டும்.

ஜப்பானின் கியோட்டோவில் அது இருக்கிறது. செர்ரி பூத்த தேதிகள் 1200 ஆண்டுகளாகக் குறிப்புகளில் கிடைக்கின்றன. அதனால்தான் 2021 மார்ச் 26 அன்று அங்கே பூ உச்சத்தைத் தொட்டபோது, 1409ஆம் ஆண்டின் மார்ச் 27ஐ அது முந்திவிட்டது என்று சொல்ல முடிந்தது. நம்மிடம் இருப்பது "அந்தக் காலத்துல இப்படி இல்லீங்க" என்ற ஒரு வரி. வவுச்சர் இல்லாத செலவை எந்த ஆடிட்டர் ஏற்பார்?

இந்தியாவிலும் சீசன்வாட்ச் என்று ஒரு திட்டம் நடக்கிறது. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை தளிர், பூ, காய் என்று குறித்து அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். கேரளப் பள்ளிப் பிள்ளைகள் இதில் கெட்டிக்காரர்கள். மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாம்?

என் கருத்து இதுதான். கல்லூரிகள் கன்று நட்டு போட்டோ எடுப்பதோடு நிறுத்தாமல், வளாகத்தில் ஏற்கெனவே நிற்கும் பத்து மரங்களுக்கு ஒரு நோட்டுப் போடட்டும். நாம் மூன்று வருடத்தில் போய்விடுவோம், நோட்டு ஜூனியர்களிடம் போகும். இருபது வருடம் கழித்து ஒரு விவசாயி காப்பீடோ நிவாரணமோ கேட்டு நிற்கும்போது, அவர் பேச்சுக்கு அது சாட்சி.

உங்கள் தெரு மரம் போன வருடம் எந்த வாரம் பூத்தது? சொல்லுங்கள் பார்ப்போம்.