பள்ளிக்கூடத்துக்கு வரும் நாடகம்

இங்கிலாந்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோருக்கு இந்தக் கடிதம் பழக்கமானது. நாடகக் குழுவொன்று பள்ளிக்கு வரவிருக்கிறது, ஒரு மணி நேர நாடகமும் அதைத் தொடர்ந்து பட்டறையும் நடக்கும், விரும்பினால் சில பவுண்கள் தந்துதவலாம். கையெழுத்திட்டுக் காசையும் அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறோம். அன்று மாலை கேட்டால் பிள்ளை சொல்வது பெரும்பாலும் ஒரே சொல்தான்: நல்லாயிருந்தது.

அந்தப் பட்டறையில் என்ன நடந்தது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி என்று நினைக்கிறேன். பள்ளிக்கு நாடகம் வருவது எதற்காக என்ற விடயத்தில் இந்த நாட்டில் கடந்த அறுபது ஆண்டுகளில் பெரிய இடமாற்றம் நடந்திருக்கிறது. அது பற்றித் தமிழில் அதிகம் பேசப்படவில்லை.

கதை கொவன்ற்ரி நகரில் தொடங்குகிறது. போரில் குண்டுவீச்சுக்கு உள்ளாகி மீண்டும் கட்டப்பட்ட அந்நகரில் 1958 இல் பெல்கிறேட் அரங்கு திறக்கப்பட்டது. யூகோஸ்லாவியாவின் தலைநகர் அன்பளிப்பாகத் தந்த மரங்கள் கட்டடத்தில் பயன்பட்டதால் அந்தப் பெயர். 1965 இல் இவ்வரங்கு ஒரு சிறு குழுவைப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியது. குழுவில் இருந்தவர்கள் பாதி நடிகர், பாதி ஆசிரியர். கல்வியில் அரங்கு என்று நாம் இன்று சொல்லும் துறையின் பிறப்பிடம் அதுதான். நகரசபை செலவை ஏற்றது; பள்ளிகள் பணம் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அவர்கள் செய்தது மண்டபத்தில் முந்நூறு பேரை இருத்தி நாடகம் காட்டுவதல்ல. ஒரு நேரத்தில் ஒரு வகுப்பு, கூடினால் இரண்டு. அரை நாள், சில வேளை முழு நாள். பிள்ளைகள் கதைக்குள்ளேயே நிற்பார்கள். 1973 இல் சிறு வகுப்புகளுக்கு அவர்கள் தயாரித்த 'பவ் வவ்' என்னும் நிகழ்ச்சியை இன்றும் துறைசார்ந்தவர்கள் உதாரணம் காட்டுவார்கள். கௌபோய் ஒருவன் கூண்டில் அடைத்து வைத்திருக்கும் அமெரிக்கப் பழங்குடி மனிதரைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறான், ஆபத்தானவர் என்கிறான். அவன் அகன்றிருக்கும் வேளையில் பிள்ளைகள் கூண்டில் இருப்பவருடன் பழகுகிறார்கள். பிறகு அவன் திரும்பி வருகிறான். இப்போது யாரை நம்புவது? ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளின் முன் அந்தக் கேள்வி உயிரோடு நிற்கிறது. இங்கே நாடகம் எது, பட்டறை எது என்று பிரிக்க முடியாது என்பதைக் கவனியுங்கள். பிள்ளை முடிவெடுக்காவிட்டால் நாடகம் நகராது.

இந்த முறையைக் கொன்றது இரசனை மாற்றமல்ல, கணக்குப் புத்தகம். 1988 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம் உள்ளூராட்சிச் சபைகளின் கையிலிருந்த பணத்தின் பெரும்பகுதியைப் பள்ளிகளிடமே ஒப்படைத்தது. கேட்க நல்ல செய்திதான். ஆனால் சபை நடுவில் இருந்து எல்லாப் பள்ளிக்குமாக ஒரு குழுவைப் பேணுவது அத்தோடு சிரமமாயிற்று. ஒவ்வொரு தலைமையாசிரியரும் ஒழுகும் கூரையையும் நாடகக் குழுவையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்க வேண்டி வந்தது. எது வென்றிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதே சட்டம் கொண்டு வந்த தேசிய பாடத்திட்டத்தில் நாடகத்துக்குத் தனி இடமில்லை. ஆங்கிலப் பாடத்தின் ஒரு மூலையில் அது இருத்தப்பட்டது. தொண்ணூறுகளில் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன.

நமக்கு வரும் கடிதத்தின் 'விரும்பினால்' என்ற சொல்லும் அங்கிருந்துதான் வருகிறது. பள்ளி நேரத்தில் நடக்கும் கல்வி நிகழ்ச்சிக்கு அரச பள்ளி கட்டணம் அறவிட முடியாது, நன்கொடை கேட்கலாம். கொடுக்காத வீட்டுப் பிள்ளையை வெளியே நிறுத்தவும் முடியாது. ஆனால் போதிய பணம் சேராவிட்டால் நிகழ்ச்சியையே இரத்துச் செய்யலாம். ஆக, பெற்றோர் கொடுக்கக்கூடிய வட்டாரத்தில் நாடகம் வருகிறது. மற்ற இடத்தில் யாரையும் விலக்காமலேயே எல்லோரும் விலக்கப்படுகிறார்கள்.

தப்பிப் பிழைத்த குழுக்கள் விற்கக்கூடியதைச் செய்ய வேண்டியதாயிற்று. பள்ளி எதை வாங்கும்? பரீட்சைக்கு உதவுவதை. ஜி.சி.எஸ்.ஈ நாடகப் பாடத்தில் மாணவர் தாம் பார்த்த அரங்க அளிக்கை ஒன்றைப் பற்றி எழுத வேண்டும். ஆங்கில இலக்கியத்துக்கு ஷேக்ஸ்பியர் கட்டாயம். எனவே சுருக்கிய 'மக்பெத்' வருகிறது. பட்டறை தனி விலையோடு கீழே நிற்கிறது. காசு போதாவிட்டால் முதலில் வெட்டப்படுவது அதுதான். வெட்டப்படாவிட்டாலும் பல வேளைகளில் அது ரியூசன் வகுப்பாக மாறிவிடுகிறது: முக்கியமான ஐந்து வரிகள், பரீட்சையில் எங்கே பயன்படுத்தலாம் என்ற குறிப்பு.

'மக்பெத்' வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அதே நாடகத்தை வைத்து அருமையான பட்டறை செய்ய முடியும். இங்குள்ள நாடக ஆசிரியர்கள் அறிந்த ஒரு பயிற்சி உண்டு. மனச்சாட்சிச் சந்து என்று தமிழில் சொல்லலாம். மாணவர்கள் எதிரெதிராக இரு வரிசையில் நிற்பார்கள். ஒருவர் மக்பெத்தாக நடுவே நடந்து போவார். ஒரு பக்கம் அரசனைக் கொல் என்று காதருகே சொல்லும், மறுபக்கம் வேண்டாம் என்று சொல்லும். சந்தின் முடிவில் நடந்தவர் என்ன செய்யப் போகிறார் என்று சொல்ல வேண்டும். ஒரு செலவுமில்லை. ஆனால் மற்றவர்களின் காரணங்களுக்கு நடுவே தனியாக நடந்த அந்தப் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அந்நாடகம் இனி வேறொன்று. நாடகம் அல்லது பட்டறை, ஒன்றைத்தான் வாங்கலாம் என்று ஒரு பள்ளி என்னைக் கேட்டால் தயங்காமல் பட்டறை என்பேன்.

பழைய வழியில் பிடிவாதமாக நின்றவர்களும் உண்டு. பேர்மிங்ஹாமின் 'பிக் பிரம்' குழுவுக்காக எட்வர்ட் பொண்ட் 1995 இல் எழுதிய 'அற் த இன்லண்ட் சீ' தொடங்கி அடுத்தடுத்துப் பல நாடகங்களைத் தந்தார். பெரிய மேடைகளில் பெயர் பெற்ற ஒருவர், 2024 இல் மறைந்தவர், தன் பிற்கால உழைப்பின் கணிசமான பகுதியைப் பள்ளி மண்டபங்களுக்குக் கொடுத்தார் என்பது சின்ன விடயமல்ல.

2010 இல் வந்த இங்கிலிஷ் பக்கலோரியற் என்னும் அளவுகோல் கலைப் பாடங்களைக் கணக்கில் எடுக்கவில்லை. நாடகம் எடுக்கும் மாணவர் தொகை அதன் பின் பெருமளவு குறைந்தது. அதைக் கைவிடுவதாக 2025 நவம்பரில் அரசு அறிவித்திருக்கிறது. நல்லது. எனினும் 1988 இல் சிதறிய பணத்தை அது ஓரிடத்தில் சேர்த்துவிடாது.

இதில் நம்மவர் பங்கும் இருக்கிறது. நாடகத்தைப் பாடமாக எடுக்கப் போகிறேன் என்று பிள்ளை சொன்னால் எத்தனை தமிழ் வீடுகளில் அது பேச்சாக எடுபடும்? இத்தனைக்கும் நாடகமும் அரங்கியலும் இலங்கையில் உயர்தரப் பரீட்சைப் பாடம். 1978 இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம.சண்முகலிங்கம், 2025 ஜனவரியில் மறையும் வரை, பள்ளிப் பிள்ளைகளையும் அரங்கையும் பிரித்துப் பார்த்தவரல்லர். 'கூடி விளையாடு பாப்பா' எழுதியவர் அவர். அங்கிருந்து வந்த நாம் இங்கே சனிக்கிழமைப் பள்ளிகளின் ஆண்டு விழாவில் என்ன செய்கிறோம்? ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்த தமிழ் வசனத்தைப் பிள்ளை பொருள் தெரியாமல் பாடமாக்கி ஒலிவாங்கியின் முன் ஒப்புவிக்கிறது. பெற்றோர் படம் எடுக்கிறார்கள்.

அந்த விழாவின் மண்டப வாடகையில் ஒரு பகுதியை ஒதுக்கினாலே அரங்கப் பயிற்சியுள்ள இருவரை ஒரு காலைப் பொழுதுக்கு அழைக்கலாம். இலண்டனில் அப்படியானவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தமிழ் அவைக்காற்றுக் கலைக் கழகம் போன்ற குழுக்கள் பல்லாண்டாக இயங்கி வருகின்றன. இருபத்தைந்து பிள்ளைகள், கதிரைகளை ஓரத்துக்குத் தள்ளிய ஒரு வகுப்பறை, மனப்பாட வசனம் ஏதுமில்லை. நல்லதங்காள் கிணற்றடிக்கு வருகிறாள். ஒரு வரிசை வா என்கிறது, மறு வரிசை வேண்டாம் என்கிறது. வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்லப் பிள்ளைக்குத் தமிழ் தேவைப்படும். தெரிந்த தமிழை அரைகுறையாகவேனும் அது அப்போது தேடி எடுக்கும்.