ஆட்டத்தின் நடுவே ஓர் ஆட்டம்

1982 தில்லி ஆசிய விளையாட்டுக்கு அப்பு என்ற குட்டி யானை சின்னம். யானைகள் ஆட்சேபிக்கவில்லை. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. அதன் விளையாட்டு அணிகளின் சின்னம் ஒரு மனிதர்: 'சீஃப் இல்லினிவெக்' என்ற பூர்வகுடித் தலைவர்.

நிஜத் தலைவர் அல்ல. 1926-ல் ஒரு கால்பந்துப் போட்டியின் இடைவேளையில் வாத்தியக் குழு முழங்க, இறகுத் தலையணியோடு ஒரு மாணவர் மைதானத்தில் துள்ளி ஆடினார். பூர்வகுடி நடனத்தை அவர் பழகியது சாரணர் இயக்கத்தில். கூட்டத்துக்குப் பிடித்துப் போயிற்று. பின் வந்த 80 ஆண்டுகளில் அந்த வேடம் கட்டியவர்கள் பெரும்பாலும் வெள்ளை மாணவர்கள். உடையோ மேற்கே புல்வெளிப் பிரதேசத்தில் வாழ்ந்த சூ இனத்தாருடையது. இல்லினாய்ஸ் பூர்வகுடிகள் அப்படி உடுத்தியவர்களே அல்ல. கேட்டால், "இது மரியாதை" என்றார்கள்.

மரியாதைக்கு உரியவர்கள் அப்போது எங்கே இருந்தார்கள்? இல்லினாய்ஸ் குடிகளின் வாரிசுகளான பியோரியா இனத்தார் அதற்கு வெகுகாலம் முன்பே கான்சாஸுக்குத் தள்ளப்பட்டிருந்தார்கள். அங்கிருந்தும் கிளப்பி, இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பும் ஒப்பந்தம் 1867 பிப்ரவரியில் கையெழுத்தானது. பல்கலைக்கழகம் தொடங்கச் சட்டம் வந்ததும் அதே பிப்ரவரியில்தான்.

1989-ல் ஸ்போகேன் இனத்தைச் சேர்ந்த சார்லின் டீட்டர்ஸ் அங்கே கலை பயின்றுகொண்டிருந்தார். ஒரு நாள் பிள்ளைகளைக் கூடைப்பந்துப் போட்டிக்கு அழைத்துப் போனார். சீஃப் ஆட ஆரம்பித்ததும் பிள்ளைகள் இருக்கையில் கூனிக் குறுகிப் போனார்கள். அடுத்த போட்டிகளின்போது டீட்டர்ஸ் அட்டை பிடித்து அரங்க வாசலில் தனியாக நின்றார். வசவுகள் கிடைத்தன, மிரட்டலும் வந்தது. 1990-ல் அறங்காவலர் குழு சீஃப் தொடரட்டும் என்று முடிவு செய்தது. 2004-ல் நடந்த மாணவர் வாக்கெடுப்பிலும் பெரும்பான்மை சீஃபுக்கே.

பியோரியா இனத்தாரும் ஒரே குரலில் பேசவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 1990-களின் நடுவில் அவர்களின் அன்றைய தலைவர் சீஃபை எதிர்க்கவில்லை. 2000-ல் இனக்குழுவின் சபை 3-க்கு 2 என்ற கணக்கில், ஆட்டத்தை நிறுத்தும்படி பல்கலைக்கழகத்தைக் கேட்டது. எழுத்தில் கேட்ட பிறகும் 'உங்களைத்தான் கௌரவிக்கிறோம்' என்று ஆடிக்கொண்டிருப்பதற்குப் பெயர் மரியாதை அல்ல, பிடிவாதம்.

கடைசியில் அசைத்துப் பார்த்தது விளையாட்டு நிர்வாகம். பூர்வகுடிகளைப் புண்படுத்தும் சின்னங்களை வைத்திருக்கும் கல்லூரிகள் தேசியச் சாம்பியன் போட்டிகளை நடத்த முடியாது என்று கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. 2005-ல் அறிவித்தது. புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் தப்பித்தது. அங்கே செமினோல் இனத்தார் தங்கள் பெயரைப் பயன்படுத்த ஒப்புதல் தந்திருந்தார்கள். இல்லினாய்ஸிடம் காட்ட அப்படி ஒரு கடிதம் இல்லை. 'இல்லினி' என்ற அணிப் பெயர் மாநிலத்தின் பெயரிலிருந்து வந்தது என்பதால் பிழைத்தது. சீஃப் மட்டும் 2007 பிப்ரவரி 21 அன்று கடைசி முறையாக ஆடிவிட்டுப் போனார்.

நீக்கியாயிற்று. பதிலுக்கு யார்? வருடக்கணக்கில் இடம் காலியாகவே கிடந்தது. ரசிகர்கள் சிலர் சீஃபின் படம் போட்ட பனியனோடு அரங்குக்கு வருவதை நிறுத்தவும் இல்லை. 2020-ல் மீன்கொத்தியைச் சின்னமாக்கலாமா என்று மாணவர்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. குறைந்த வித்தியாசத்தில் மீன்கொத்தி ஜெயித்தது. ஆனால் அந்த முடிவு நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தாது.

மீன்கொத்திக்குக் காரணம் நிறம்தான். பல்கலைக்கழகத்தின் வண்ணங்கள் ஆரஞ்சும் நீலமும். அந்தப் பகுதியின் மீன்கொத்தியில் ஆணுக்கு மார்பில் ஆரஞ்சுப் பட்டை கிடையாது, பெண்ணுக்கு மட்டும்தான் உண்டு. சீஃப் வேடம் கட்டிய மாணவர்களில் ஒரே ஒருவர்தான் பெண். அதுவும் ஆண்கள் போருக்குப் போயிருந்த 1943-ல்.