எஞ்சினுக்கு முதல் புத்தகம்

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் நாட்டுக்குள் கிடந்த வான்களே கைமாறிக் கைமாறி ஓடின. முப்பது வயதான வானுக்கும் பல பத்து இலட்சம் ரூபாய் விலை சொல்லும் நிலை அப்படித்தான் வந்தது. இறக்குமதி திறந்த பிறகும் வரியும் ரூபாயின் வீழ்ச்சியும் சேர்ந்து, புது வானை முல்லைத்தீவின் முள்ளியவளை, தண்ணீரூற்றுக் குடும்பங்களுக்கு எட்டாமலேயே வைத்திருக்கின்றன. இங்கே வான் எடுப்பதென்றால் பழைய வான் எடுப்பதுதான்.

அதுவும் ஆடம்பரத்துக்கு இல்லை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு மாற்றிய நோயாளியைப் பார்க்கப் போக, வித்தியானந்தாக் கல்லூரிப் பிள்ளைகளை ஏற்றி இறக்க, வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கோயிலுக்கு வரும் வெளியூர்ச் சொந்தங்களைக் கூட்டிவர வான் வேண்டும். இடையிடையே ஹயர் ஓடினால் வீட்டுச் செலவும் ஓடும்.

எந்த வான் என்றால், கையில் அளவான காசுள்ளவருக்கு டொல்பின்தான் இன்றைக்கும் பொருத்தம். 1989இல் வந்து 2004 வரை ஓடிய அந்தத் தலைமுறை ரொயோட்டா ஹயஸில், இங்கே அதிகம் காணப்படுவது 2.8 லீற்றர் 3எல் டீசல் எஞ்சின். எரிபொருளை அனுப்புவது முழுக்க இயந்திரப் பம்ப். கணினிக்கு அதில் வேலையில்லை. அதற்குப் பின் வந்த கேடிஎச் இழுவையிலும் வசதியிலும் மேல்தான். ஆனால் அதன் டீசல் அமைப்பு மிகுந்த அழுத்தத்தில் வேலை செய்வது. அழுக்கு டீசலில் இன்ஜெக்டர் கெட்டால் செலவு பெரிது, கோளாறைக் கண்டுபிடிக்கவே ஸ்கேனர் வேண்டும். டொல்பினை ஊர்க் கராஜில் கழற்றிப் பூட்டலாம். அதிலும் ஒரு பலவீனம் உண்டு: டைமிங் பெல்ற். ஏறத்தாழ ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருதரம் அதை மாற்ற வேண்டும். ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் வளைந்து எஞ்சினையே திறக்கவேண்டி வரும். எப்போது மாற்றியது என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இ24 ரக நிசான் கரவானின் டிடி27 எஞ்சினில் பெல்ற்றுக்குப் பதிலாகப் பற்சக்கரம் என்பதால் அந்தப் பயமில்லை. டவுன்ஏஸ் விலை குறைவு, குடும்பத்துக்குப் போதும். ஆனால் அதன் 2சி டேர்போ எஞ்சின் சூடேறினால் சிலிண்டர் ஹெட் வெடிக்கும் என்பதால், தூர ஹயருக்கு அதை நம்பி இறங்கக்கூடாது.

கழற்றிப் பூட்டக்கூடிய எஞ்சின் மீது வன்னிக்கு இருக்கும் பற்று சும்மா வந்ததில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில், சிறு போத்தலில் இருந்து சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராற் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய மண் இது.

எஞ்சினைப் பார்ப்பதானால் விடியக்காலையில், அது குளிர்ந்து கிடக்கும்போது போக வேண்டும். போகும்போதே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பலாம். ஓடும் எஞ்சினின் ஒயில் மூடியைத் திறக்கையில் புகை குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது.

ஆனால் எஞ்சினை மாற்றலாம். கறள் தின்ற உடம்பை மாற்ற முடியாது. முல்லைத்தீவுக் கரையின் உப்புக் காற்றில் நின்ற வானும், மீன்பெட்டி ஏற்றி ஐஸ் தண்ணீர் வடிந்த வானும் கீழிருந்து உக்கும். தரை விரிப்பைத் தூக்கி, கதவுப்படியையும் இழுவைக் கதவின் தண்டவாளத்தையும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பெயின்ற் மினுங்கும் இடத்தில் காந்தம் ஒட்டாவிட்டால் உள்ளே இருப்பது புட்டி. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வெள்ளத்தில் மூழ்கிய வாகனங்களை மறக்கக்கூடாது: இருக்கைக்கு அடியில் படிந்த சேறு எளிதில் போகாது.

இவை எல்லாவற்றுக்கும் முதல் பதிவுப் புத்தகம். ஊரில் பலர் கடைசியாகப் பார்ப்பது அதைத்தான். 2008 டிசம்பரில் போரால் முள்ளியவளை இடம்பெயர்ந்தபோது வாகனம் வைத்திருந்தவர்கள் அதில் சாமான் ஏற்றிக்கொண்டு புதுக்குடியிருப்புப் பக்கம் போனார்கள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் கரையில் எரிந்தும் எரியாமலும் ஆயிரக்கணக்கான வாகனங்கள் கிடந்தன. பலருக்கு வாகனமும் போனது, அது தங்களுடையதென்று காட்டும் பத்திரமும் போனது. அப்படி இழந்த ஊர், ஐந்து கை மாறியும் முதல் சொந்தக்காரர் பெயரிலேயே கிடக்கும் ‘ஓப்பன் பேப்பர்’ வானை விலை குறைவென்று எடுக்கலாமா?

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் கியூஆர் முறை வந்தபோது, பதிவுக்கு வாகன இலக்கத்தோடு சேசிஸ் இலக்கத்தையும் கேட்டார்கள். வானுக்குக் கிடைத்தது கிழமைக்கு 20 லீற்றர். யாழ்ப்பாணம் ஒருதரம் போய்வரவே மட்டுமட்டு. புத்தகத்தில் உள்ள இலக்கமும் வானில் பொறித்த இலக்கமும் பொருந்தாதவருக்கு அந்த 20 லீற்றரே பெரும்பாடு.

சேசிஸ் இலக்கத்தை டோர்ச் அடித்துக் கண்ணால் பார்த்து, புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். எஞ்சின் மாற்றியிருந்தால் அந்த மாற்றமும் பதிவாகியிருக்க வேண்டும். லீசிங் கம்பனியின் பெயர் புத்தகத்தில் இருந்தால், கடன் முடிந்து அந்தப் பெயர் நீங்கும்வரை விற்பவர் கையில் முழுக்காசையும் கொடுக்கக்கூடாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் சிறு கட்டணத்துக்கு வாகன விபரத்தைச் சரிபார்க்கலாம். வருமான வரிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் வேண்டும் என்பதால், பழைய சான்றிதழ்களையும் கேட்டு வாங்குவது நல்லது. கைமாற்றத்தை 14 நாட்களுக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். விற்றவர் வெளிநாடு போய்விட்டால் ஒரு கையெழுத்துக்காக மாதக்கணக்கில் அலையவேண்டி வரும். ஆகவே காசு எண்ணும் அன்றைக்கே படிவங்களில் ஒப்பம் வாங்கிவிட வேண்டும். பெல்ற், ரயர், பற்றரி மூன்றுக்கும் ஒரு தொகையை ஒதுக்கி வைத்துவிட்டே விலை பேசத் தொடங்கலாம்.