காசுக்கு மட்டுமா கணக்கு?

தீப்பெட்டி வாங்கும் தொழிலாளி வரி கொடுக்கிறான். செருப்பு வாங்கும் பாட்டாளியும் கொடுக்கிறான். அந்தப் பணந்தான் ஆராய்ச்சிக் கூடத்தில் கருவியாகிறது, கண்ணாடிக் குழாயாகிறது. அதற்குக் கணக்குக் கேட்பது அறிஞரை அவமதிப்பதாகுமா? ஆகாது!

டில்லி அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 238-ஆவது விதி சொல்வது இது: மானியம் பெற்ற நிறுவனம், நிதியாண்டு முடிந்த 12 மாதங்களுக்குள், எதற்காகப் பணம் தரப்பட்டதோ அதற்கே செலவாயிற்று எனச் சான்று தரவேண்டும். நல்ல விதி, வரவேற்கிறோம்.

ஆனால், காசுக்குக் கணக்கு வந்தால் போதுமா? கண்டறிந்தது என்ன என்ற கணக்கு எங்கே? அது ஆங்கில அறிக்கையாய் அலமாரியில் உறங்கலாமா? வரி கொடுத்தவன் மொழியில், அவன் வாசலுக்கு வரவேண்டாமா?

இன்னொன்றும் கேட்கிறோம். ஆய்வாளர் சான்று தரத் தவறினால் அடுத்த தவணை நிற்கிறது. தவணை தர அரசு தவறினால்? உதவித்தொகை வராமல் ஏழை வீட்டு ஆய்வு மாணவன் வாடுகிறானே, அதற்குச் சான்று தருவது யார்? அதற்கென்று படிவம் உண்டா?

2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆராய்ச்சி நிதி அமைப்புக்கு ‘அனுசந்தான்’ என்று வடமொழிப் பெயர் சூட்டத் தெரிந்தவர்களுக்கு, இந்த முறையையும் செய்யத் தெரியவேண்டும். வாங்கியவர் கணக்குக் காட்டட்டும், கொடுப்பவரும் காட்டட்டும். இருவருக்கும் எசமானர் மக்களே!