படுவான்கரைக்குச் சுகாதாரம் எப்போது வரும்?

உன்னிச்சைக் குளத்து நீர் குழாய்வழியே மட்டக்களப்பு நகரம்வரை செல்கின்றது. நகரிலிருந்து வாவி கடந்து படுவான்கரைக்கு வரவேண்டிய சுகாதாரமோ பாதி வழியில் நின்றுவிடுகின்றது. இதனை நாம் மனத்தாங்கலாகச் சொல்லவில்லை; உரிமைக் குறைவாகவே சொல்கின்றோம்.

ஒருகாலத்திற் கமக்காரனைக் கொன்றது மலேரியா. 1934-35ஆம் ஆண்டுக் கொள்ளைநோய் இத்தீவில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார ஸ்தாபனம் சான்று வழங்கிற்று. இன்றைய எதிரி சந்தடியின்றி வருவது. நாட்டின் மரணங்களில் ஐந்தில் நான்கு தொற்றா நோய்களால் நேர்வன. சர்க்கரை, இரத்த அழுத்தம், மாரடைப்பு. வெற்றிலையுடன் புகையிலை மெல்லுவோர்க்கு வாய்ப் புற்றுநோய். கசிப்பைப்பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

"வயலில் உழைப்பவனுக்குச் சர்க்கரை வருமா?" என்று கேட்கும் போடிமார் இன்றும் உளர். உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபின் உழைப்பு குறைந்தது. சோற்றின் அளவு குறையவில்லையே!

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என நாம் கூறோம். 2011 முதல் சுகவாழ்வு நிலையங்கள் திறக்கப்பட்டு இலவசப் பரிசோதனை நடைபெறுகின்றது. ஆனால் அங்கு செல்வோர் பெரும்பாலும் பெண்களே. நிலையம் திறந்திருக்கும் வேளையில் ஆண்மகன் வட்டையில் நிற்கின்றான். அவன் வாரானெனில் சேவை அவனைத் தேடிச் செல்லவேண்டும். இது புதுமையன்று. குடும்பநல மாது படலை படலையாகச் சென்றதனாலன்றோ, 1940களின் நடுவில் இலட்சம் பிறப்புக்கு 1,500க்கு மேலிருந்த தாய்மார் மரணம் இன்று நாற்பதுக்குக் கீழே வந்தது! அவ்வண்ணமே, பயிற்சி பெற்ற ஊர்ப்பிள்ளை ஒருவர் அழுத்தமானியுடன் சூடடிக்கும் களத்துக்கும் வாடிக்கும் கமக்காரர் கூட்டத்துக்கும் செல்லட்டும். நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்குமேல் உப்பு ஆகாதென்பதை ஊர்த்தமிழிற் சொல்லட்டும்.

ஆனால் "தொண்டர்" என்று பெயரிட்டு ஊதியமின்றி வேலைவாங்கும் வழக்கத்தை நாம் ஏற்கமாட்டோம். வடக்கில் சுகாதாரத் தொண்டர்கள் நிரந்தர நியமனங்கோரி வீதியில் அமர்ந்ததை நாடறியும். 1987இன் பதின்மூன்றாந் திருத்தம் சுகாதாரத்தை மாகாணத்துக்குப் பகிர்ந்தது. கிழக்கு மாகாண சபையோ 2017இற் காலாவதியாகி, ஆண்டுக்கணக்காகத் தேர்தலின்றி, ஆளுநரின் கையொப்பமே ஆட்சியாயிற்று. கேட்பதற்கு ஒரு சபையில்லாதபோது உன்னிச்சை யாரிடம் முறையிடும்?

எமது பிரதிநிதிகள் இதனைப் பாராளுமன்றத்தில் எழுப்பவேண்டும். பதவி, சம்பளம், ஓய்வூதியம் மூன்றும் எழுத்தில் வேண்டும். பயிற்சி தமிழில் வேண்டும். எழுவான்கரை வைத்தியர்களையும் கேட்கின்றோம்: மாதத்தில் ஒருநாள் வாவி கடந்து வந்து இப்பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிப்பீர்களா?