டிகோடர் போச்சா? போகலை சார்!

"டிகோடர் போச்சு சார். புதுசு போடணும், 3,000 ரூபாய் ஆகும்."

போன மாதம் புனேயில் ஒரு கடைக்காரர் என் மகனின் மாடல் ரயில் எஞ்சினுக்குக் கொடுத்த தீர்ப்பு இது. தண்டவாளத்தில் ஒரு தடவை வைத்தார், எடுத்தார், சொல்லிவிட்டார். இத்தனைக்கும் பட்டனை அழுத்தினால் முகப்பு விளக்கு எரிகிறது, மறுபடி அழுத்தினால் அணைகிறது. வண்டிதான் நகரவில்லை. பி.காம். படித்த எனக்கே சந்தேகம் வந்தது. செத்தவர் எப்படி ஐயா விளக்கேற்றுவார்?

டி.சி.சி. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய பொம்மை ரயிலில் வோல்டேஜைக் கூட்டினால் வண்டி ஓடும். இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். "3-ஆம் நம்பர் எஞ்சினே, கிளம்பு" என்ற கட்டளையும் அதிலேயே போகும். எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் தன் நம்பருக்கு வந்ததை மட்டும் எடுத்து மோட்டாருக்கும் விளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும். ஆக, விளக்கு சொல்பேச்சு கேட்டால் தண்டவாளம், சக்கரம், நம்பர் மூன்றும் சரி, டிகோடரும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். மோட்டாரை ஓட்டும் பகுதி மட்டும் எரிந்திருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைச் சோதிக்காமலே தீர்ப்பு சொல்லலாமா?

எங்கள் தொழிலில் ட்ரையல் பேலன்ஸ் இடித்தால் புது லெட்ஜர் வாங்குவதில்லை. வித்தியாசம் 9-ஆல் வகுபடுகிறதா என்று பார்ப்போம். வகுபட்டால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். காசு செலவில்லாத சோதனை முதலில், செலவு கடைசியில். ரயிலுக்கும் அதே கணக்குதான்:

1. அதே தண்டவாளத்தில் வேறு எஞ்சின் ஓடுகிறதா?

2. இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே ஒரு 5 ரூபாய் நாணயத்தை வையுங்கள். கன்ட்ரோலர் உடனே தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும். நிறுத்தாவிட்டால் அந்த இடத்தில் ஒயரிங் சரியில்லை. உடனே நாணயத்தை எடுத்துவிடுங்கள்.

3. மழைக்காலம் முழுக்கப் பரணில் கிடந்த செட் என்றால் சக்கரத்தையும் தண்டவாளத்தையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது. கீறலில் அழுக்கு இன்னும் நன்றாக உட்காரும்.

4. நம்பர் சரியா? புது டிகோடர் பெரும்பாலும் 3 என்ற நம்பரோடுதான் வரும்.

5. கடைசியாக சி.வி. சி.வி. என்பது டிகோடரின் நினைவில் எண் எழுதி வைக்கும் கட்டம். நம் லெட்ஜரில் பக்கம் இருப்பது போல.

எங்கள் குட்டு ஐந்தாவதில் உடைந்தது. சி.வி. 19-ஐப் படித்தோம். படிக்கும்போதே வண்டி லேசாக உதறியது. பெரும்பாலான டிகோடர்கள் மோட்டாரை ஒரு கணம் தட்டித்தான் பதில் சொல்லும். ஆக, மோட்டாருக்கும் உயிர் இருக்கிறது! வந்த பதில் 10. பூஜ்யமாக இருந்திருக்க வேண்டும்.

"அது நாங்க போட்டதுப்பா" என்றான் பையன். லீவில் எதிர் வீட்டுப் பையனின் எஞ்சினையும் தன்னுடையதையும் ஜோடி சேர்த்து ரெட்டை எஞ்சினாக ஓட்டியிருக்கிறார்கள். இரண்டுக்கும் பொது நம்பர் 10. பிறகு அந்தப் பையனின் அப்பாவுக்கு மாற்றல், எஞ்சினோடு சென்னைக்குப் போய்விட்டான். எங்கள் எஞ்சின் மட்டும் இன்னும் ஜோடியில்தான் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது! சி.வி. 19-இல் எண் இருந்தால், சொந்த நம்பரில் வரும் வேகக் கட்டளையை டிகோடர் மதிக்காது. விளக்குக் கட்டளையை மட்டும் கேட்கும். 0 எழுதினோம். ஓடியது. செலவு பூஜ்யம்.

"ஏன்டா முன்னாடியே சொல்லலை?"

"நீங்க கேக்கவே இல்லையேப்பா. கை வைக்காதேன்னு சொல்லிட்டு கடைக்கு எடுத்துட்டுப் போயிட்டீங்க."

கடைக்காரர் மேல் எனக்குப் பாதிக் கோபம்தான். மீதி என் மேல், உங்கள் மேலும். ஊரில் இருந்தால் ரேடியோவைப் பிரித்துப்போட்டு உட்காரும் ஒரு மாமா இருப்பார், பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். இங்கே மாமா இல்லை. அந்த இடத்தில் நாம் உட்காராமல் பர்ஸைத் திறக்கிறோம். விலை உயர்ந்த பொருளை வாங்கிக் கொடுத்துவிட்டு அதைத் திறந்து பார்க்கும் உரிமையைப் பிடுங்கிக்கொள்கிறோம்.

அடுத்த தடவை எது ஓடாவிட்டாலும் கடைக்குக் கிளம்புமுன் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியா இதை வெச்சு என்னடா பண்ணினே?"